ஏணியோடையில் உட்கார்ந்தவள்

சுகந்தி மதினி ஓடைக்குள் உட்கார்ந்த இடத்திலேயே பாறையின் கனத்துக்கு வந்துவிட்டாள் என்ற செய்தி பவதாரிணிக்கு வாட்ஸப்பில்தான் வந்தது. அதுவும் குடும்பக் குழுவில், ஏலக்காய் விலை இறங்கிப்போன புலம்பலுக்கும் யாரோ ஒன்றுவிட்ட தம்பியின் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவில், அம்மா ஒச்சம்மாளின் குரல் பதிவாக: "பவி, நல்லாருக்கியா, சாப்பிட்டியா, உங்க மதினி கல்லிருப்புக்கு உக்காந்தவ எந்திரிக்கல, பத்துப் பேரு புடிச்சு இழுத்தும் அசையல, தண்ணி அவ தோள் மேல ஏறி விழுந்து போய்க்கிட்டிருக்கு, வீட்ல மாவாட்ட ஆளில்ல, லீவு விட்டா வந்துரு." அதற்குக் கீழே பெரியம்மா கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டிருந்தாள். சித்தப்பா, பாவம் என்று போட்டிருந்தார். தம்பிக்காரன் கேக்குக்கு வந்த வாழ்த்துகளுக்கு நன்றி சொல்லியிருந்தான்.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டும் கையுமாக நின்று பவதாரிணி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். மதுரையில் நிலவியல் முதுகலை படிக்கிறவள், பேராசிரியர் வாக்கியத்தை முடிக்குமுன் மறுப்பைத் தொடங்குகிறவள், பட்டிமன்றத்தில் எதிரணி கிடைக்காவிட்டால் தன் அணியோடே மோதுகிறவள். மனுஷி ஒருத்தி பாறையாகக் கனத்துப்போனாள், அது முதல் அதிர்ச்சி. அந்தச் செய்தியும் மாவாட்ட ஆளில்லை என்ற செய்தியும் ஒரே மூச்சில் வந்தது இரண்டாவது. இரண்டில் எது பெரியது என்று அவளால் அன்று முடிவுசெய்ய முடியவில்லை. தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

போடியிலிருந்து மலையேறும் பஸ்ஸில் கண்டக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே விசாரித்தார். "ஓடையில உக்காந்துருக்கிறது உங்க அண்ணன் சம்சாரம்தான? நல்லா உக்காந்துருக்கு. நானும் போயிப் பாத்துட்டு வந்தேன்."

"நல்லான்னா என்ன அர்த்தம்ணே?"

"நல்லான்னா நல்லாத்தான். ஆட்டம் அசைவு இல்லாம."

படியூத்து என்ற அந்த ஊர் மேகம் தொடங்கும் உயரத்தில் இருந்தது. ஊருக்கு நடுவே இறங்கும் ஓடைக்கு ஏணியோடை என்று பேர், ஏனென்றால் அது மற்ற தண்ணீரைப்போல மலையிலிருந்து சறுக்கி வராது, படியிறங்கி வரும். கரைக்குக் கரை குண்டுப் பாறைகள் தோளோடு தோள் நெருக்கி ஒரு வரிசையாக நிற்கும், தண்ணீர் அந்த வரிசையில் ஏறிக் கீழே ஒரு குழியில் குதிக்கும், குதித்த குழியில் கொஞ்சம் சுழன்று, நுரையைக் கக்கி, கோபம் தீர்ந்து, பிறகு நல்ல பிள்ளையாக அடுத்த வரிசைக்கு நடக்கும், அங்கே மறுபடி ஏறி, மறுபடி குதித்து, மறுபடி கோபம் தீர்ந்து, இப்படிக் குதித்துக் குதித்தே மலையின் அத்தனை உயரத்தையும் செலவழித்துவிட்டு, கீழத்தெருவுக்கு வரும்போது கொலுசுச் சத்தத்துக்கு மேல் ஒரு சத்தமும் இல்லாமல் வரும். சரிவு செங்குத்தான இடத்தில் படிகள் நெருக்கி நெருக்கி இருக்கும், சரிவு படுத்த இடத்தில் தள்ளித் தள்ளி இருக்கும், அளந்து கட்டியதுபோல. யார் கட்டியது என்று கேட்டால், மலை இறங்கி வந்த சாமி ஒன்று கால் வலித்துக் கட்டிக்கொண்டது என்று ஊர் சொல்லும். வெள்ளம் கட்டியது என்று பவதாரிணி சொல்வாள். அன்றாடத் தண்ணீருக்குப் பூசணிக்காய் அளவுக் கல்லைக்கூட உருட்டத் தெம்பில்லை. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருகிற வெள்ளம்தான் பாறைகளைப் புரட்டிக்கொண்டு வரும், அதில் ஒன்று எங்கோ முரண்டுபிடித்து நிற்கும், பின்னால் வந்தது அதன்மேல் சாயும், அதற்குப் பின்னால் வந்தது இரண்டுக்கும் இடையில் நுழையும், சந்துகளில் ஜல்லியும் மணலும் போய் இறுகும். தன்னை அடக்கப்போகிற படியைத் தானே கட்டிவிட்டுத்தான் வெள்ளம் வடியும். இது அவளுடைய ஆய்வேடு. ஊரில் எவரும் அதைக் கேட்டதில்லை.

இந்தப் படிகளில் மேல்படிக்கு நடுவே இருந்த ஆனைக்கல் என்ற பாறையைத்தான் அவளுடைய அண்ணன் ஜெயபாண்டி தன் ஜேசிபியால் பெயர்த்தான். மலைப்பாதையில் புதிதாக வந்த சுற்றுலா விடுதி ஒன்று வாசலில் நிறுத்திப் பேர் எழுத உருண்டையான கல் கேட்டது, இவன் கொடுத்தான், அவர்கள் சிமெண்ட் போட்டு நட்டு, பெயிண்டும் அடித்துவிட்டார்கள்.

படியூத்தில் கல்லுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எல்லைக்கல்லோ, துவைகல்லோ, ஓடைக்கல்லோ, ஊருக்குப் பொதுவான கல்லை ஒருவன் இடம் மாற்றினால், மாற்றுக்கல் வரும்வரை அந்த இடத்தில் அவன் வீட்டு ஆள் ஒருவர் உட்கார வேண்டும். அதற்குப் பேர் கல்லிருப்பு. பெரும்பாலும் அரைநாள் வேலைதான்; தோட்டத்து வரப்பில் ஒரு குடையும் பிளாஸ்க்கில் காப்பியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், சாயங்காலத்துக்குள் கல் வந்துவிடும். வீட்டு ஆள் என்றுதான் வழக்கம். ஆனால் உட்கார்ந்த ஆம்பிளை ஒருவனை ஊரில் யாரும் பார்த்ததில்லை. கல்லை மாற்றுவது அவன், உட்காருவது அவன் பொண்டாட்டியோ தங்கச்சியோ. இதை யாரும் விதியாகச் சொன்னதில்லை, யாரும் மாற்றியும் நடந்ததில்லை.

அப்படித்தான் சுகந்தி உட்கார்ந்தாள். காலை இட்லி ஊற்றிவிட்டு, மத்தியானத்துக்குப் புளிக்குழம்பு வைத்து மூடிவிட்டு, ஆனைக்கல் இருந்த பள்ளத்தில் போய் உட்கார்ந்தாள். விடுதி ஆனைக்கல்லைத் திருப்பித் தரவில்லை, அதன் அளவுக்கு வேறு கல்லும் அகப்படவில்லை, சாயங்காலம் கல் வரவில்லை. எந்திரி போவோம் என்று கையைப் பிடித்தபோது அவள் வரவில்லை. ஜேசிபியின் கொக்கியில் சேலைத் தொட்டில் கட்டித் தூக்கிப் பார்த்தார்கள், வண்டியின் பின்சக்கரம்தான் தூக்கியது.

பவதாரிணி பையோடு நேராக ஓடைக்குப் போனாள். மதினி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் முதுகில் மோதி, இரண்டு தோளிலும் வழிந்து, மடியைத் தாண்டிக் குழியில் விழுந்தது. முழங்காலில் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. முந்தானை மடிப்புக்குள் அயிரைமீன் போவதும் வருவதுமாக இருந்தது. முகம் மட்டும் வழக்கம்போல இருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் தெளிவாகக்கூட இருந்தது.

"வா பவி. பரீட்சை முடிஞ்சிருச்சா?"

"மதினி, இது என்ன மதினி?"

"நாடி புடிச்சுப் பாத்துட்டேன், ஒழுங்காத்தான் ஓடுது. சளிகூடப் புடிக்கல." சுகந்தி கல்யாணத்துக்கு முன்னால் தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அப்புறம் போகலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அந்த அப்புறம் மூன்று வருடமாக வந்துகொண்டிருந்தது.

பவதாரிணி தண்ணீரில் இறங்கி அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். மலையைத் தூக்குவதுபோல இருந்தது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, நிமிராமலே, "இடுப்பு புடிச்சுக்கும் பவி, நாங்கள்லாம் பாத்துட்டோம்" என்றாள்.

ஊர் அந்த அதிசயத்தை எப்படித் தின்று செரித்தது என்பதைக் கண்ணால் பார்த்தபோதுதான் பவதாரிணிக்கு உண்மையிலேயே தலை சுற்றியது. யாரும் பயப்படவில்லை, யாரும் காரணம் கேட்கவில்லை, எல்லாரும் ஏற்பாடு செய்தார்கள். டீக்கடை மொக்கைச்சாமி காலையும் மாலையும் மூங்கில் கழியின் நுனியில் தூக்குவாளியை மாட்டி மதினிக்கு டீ நீட்டினார். ரேஷன் கடைக்காரர் கைரேகை மெஷினை ஓடைக்கே தூக்கிவந்தார், ஊறிச் சுருங்கிய விரலை மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை, அதற்கு மட்டும் ஊர் மெய்யாகவே வருத்தப்பட்டது. ஒன்றியத்திலிருந்து வந்த ஓவர்சீயர் டேப்பைப் பிடித்து அகலம் பார்த்து, சிமெண்ட்டுத் தடுப்பு கட்டினால்கூட இவ்வளவு நேர்த்தியாக நிற்காது என்று சொல்லிவிட்டு, மதினியிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் கரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள், மதினி ஈரக்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து மாத்திரை பேர் சொன்னாள். நர்ஸ் வேலைக்குப் போகக்கூடாது என்று சொன்ன வீட்டார் அதைப் பார்த்து, மருமகளுக்கு நல்ல கைராசி என்று பெருமைப்பட்டார்கள். சுற்றுலா விடுதிக்கு வந்தவர்கள் அவளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆடித் தள்ளுபடியில் எடுத்த அவளது சேலையின் கரை வெளுத்தபோது, யாரோ மஞ்சள் துணி கொண்டுவந்து போர்த்தினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை யாரோ சூடம் ஏற்றினார்கள்.

"மருமக சாமியாயிட்டா" என்றாள் ஒச்சம்மாள், உரலில் மாவாட்டிக்கொண்டே, மூச்சிரைக்க. "சரி, ஆகட்டும். நான் இனிமே யாருகிட்ட கோவிச்சுக்கிறது?"

"அம்மா, அவ செத்துருவா. ஐப்பசி பொறந்துருச்சு. வெள்ளம் வந்தா மேல இருக்கிற பாறையெல்லாம் உருண்டு அவ மேலதான் வரும்."

"எந்திரிச்சா மட்டும்? அடியில இருக்கிற படியெல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா அவுந்துக்கிட்டு வரும்ல. கீழத்தெரு என்னத்துக்கு ஆகும், பள்ளிக்கூடம் என்னத்துக்கு ஆகும்?"

அம்மா சொன்னதில் பிசகில்லை, அதுதான் பவதாரிணிக்கு ஆத்திரமாக இருந்தது. படியில் ஒரு நடுக்கல் போனால் மீதிக் கற்களுக்குப் பிடிமானம் போகும், அந்தப் படி சரிந்தால் அடுத்த படியின் காலடியைத் தண்ணீர் தோண்டும், இப்படியே கீழ்வரைக்கும் ஏணியே கழன்று, அதுவரை குதித்துக் குதித்துக் கோபம் தீர்ந்து வந்த தண்ணீர் ஒரே ஓட்டமாகக் கீழத்தெருவுக்குள் நுழையும். மதினி எழுந்தாலும் கேடு, இருந்தாலும் கேடு. ஆனால் இதை யோசிக்க வேண்டியது மதினி ஒருத்தி மட்டும்தான் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரையில் ஊர் கூடியது. பஞ்சாயத்துத் தலைவர் பொன்ராமு, நல்ல பருத்த உடம்பு, பாறையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். மதினிக்குக் கூரையாகத் தகரம் போடலாமா, ஓலை போடலாமா என்பதுதான் அன்றைய பேச்சு.

"மாமா, கல்லை எடுத்தது யாரு?" என்றாள் பவதாரிணி.

"தெரிஞ்சதுதானத்தா. உங்கண்ணன்."

"கல்லிருப்புக்கு உக்கார எங்கண்ணனுக்கு இடுப்பு இல்லையா?"

"அவன் வண்டிக்குப் போகணும்ல தாயி. இதுக்குன்னா வீட்டு வேலைதான."

"வீட்டு வேலைதானன்னா நாளைக்கு வந்து என் உரல்ல குந்து பொன்ராமு" என்றாள் கூட்டத்தில் இருந்த ஒச்சம்மாள். சிரிப்பு எழுந்தது. பவதாரிணி சிரிக்கவில்லை.

"இத்தனை வருஷத்துல உக்காந்த ஒரு ஆம்பிளை பேரு சொல்லுங்க. ஒரே ஒரு பேரு. நான் வாயை மூடிக்கிறேன்."

"அது கஷ்டம்" என்றார் மொக்கைச்சாமி, "நீ வாயை மூடுறதச் சொல்றேன்."

ஜெயபாண்டி எழுந்தான். கெட்டவன் இல்லை அவன், யாராலும் கேள்வி கேட்கப்படாதவன், அவ்வளவுதான். பொண்டாட்டி முகத்தை மூன்று வாரமாகப் பார்க்க முடியாமல் வண்டியிலேயே படுத்துக் கிடந்தவன். "கத்தாதத்தா. நான் உக்காருறேன்" என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, சுகந்திக்கு அருகில் சம்மணம் போட்டான். போட்ட கையோடு தண்ணீர் அவனைத் தேங்காய் மட்டையைத் தூக்குவதுபோல அலுங்காமல் தூக்கி, படிக்கு மேல் ஒரு கணம் நிறுத்திக் காட்டிவிட்டு, கீழே குழியில் போட்டது. அங்கிருந்து அடுத்த படி, அடுத்த குழி. துவைக்கிற பெண்கள் கால்நீட்டி மறித்துப் பிடித்தார்கள். அடுத்து அவன் சேக்காளிகள் இறங்கினார்கள், அவர்களும் போனார்கள். நூறு கிலோவுக்குக் குறையாத தலைவரே வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு அண்டர்வேரோடு இறங்கினார், தண்ணீர் அவரைப் பஞ்சு மூட்டை மாதிரிச் சுழற்றிச் சுழற்றி இறக்கிக்கொண்டு போனது. போகும்போது அவர் முகத்தில் ஒரு அவமானமும் இல்லை, ஒரு நிம்மதிதான் இருந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டே அவர் தீர்ப்புச் சொன்னார். "பாத்தியாத்தா. உக்கார மாட்டோம்னா சொன்னோம்? எங்களுக்குக் கனம் பத்தல. பொம்பளைக்குத்தான் அந்தக் கனம் இருக்கு. இயற்கை அப்படி."

ஊர் மொத்தமும் தலையை ஆட்டியது. ஒரு மனுஷன் இலவம்பஞ்சாக மிதந்து போனதைப் பார்த்த கூட்டம், ஏன் எனக்குக் கனமில்லை என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு இருக்கிறதே, நல்லது என்று வீட்டுக்குப் போகிறது. இயற்கையாம். பிறந்தபோது சுகந்தி என்ன பாறையாகவா பிறந்தாள்? அந்தக் கனத்தை அவள்மேல் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தது யார்?

"சரி, அவளை விடுங்க" என்றாள் பவதாரிணி. "படின்னா ஒத்தைக் கல்லு இல்ல. பக்கத்துக் கல்லு நெருக்குறதாலதான் நடுக்கல்லு நிக்கும். ரெண்டு பக்கமும் ஓட்டை விழுந்து கிடக்கே, அந்தக் கல்லெல்லாம் எங்க? கோயில் செவுத்துல இருக்கு. மொக்கைச்சாமி சித்தப்பா கடை வாசப்படியில இருக்கு. எங்க வீட்டுத் துவைகல்லும் இங்க இருந்து போனதுதான். அதுகளைத் திருப்பிக் கொண்டுவந்து அவளுக்கு ரெண்டு பக்கமும் முட்டுக் குடுங்க. அவ பாரம் குறையும்."

கோயில் சுவரை இடிக்கச் சொல்கிறது புள்ளை என்றார்கள். வாசற்படியைப் பெயர்த்தால் கடை சாயும் என்றார் மொக்கைச்சாமி. அந்தத் துவைகல் நான் வாக்கப்பட்டு வந்த அன்னைக்குப் போட்டது என்றாள் ஒச்சம்மாள். கடைசியில் தகரமே போடுவது என்று முடிவானது.

கூட்டம் கலைந்த பிறகு பவதாரிணி மதினிக்கு எதிரே, குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நீங்களாவது கத்துங்களேன் மதினி. ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

சுகந்தி தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே பவி. உக்காந்து சாப்பிட்டு மூணு வருஷமாச்சு."

"என்னது?"

"உங்க வீட்ல நான் உக்காந்து சாப்பிட்டதே இல்ல. ஒருத்தர் தண்ணி கேப்பாக, ஒருத்தர் அப்பளம் கேப்பாக, நீ வந்தா முறுகலா ஒண்ணு மதினின்னு கேப்ப. அடுப்புக்கும் பந்திக்கும் நடுவுல நின்னுக்கிட்டே ரெண்டு வாய். இங்க எந்திரின்னு சொல்ல ஆளில்ல. சொன்னாலும் நடக்காது." ஒரு உருண்டையை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். "அதுக்காக இங்கயே இருக்க ஆசைன்னு நெனச்சுக்காத. மேல மேகம் கறுக்கும்போதெல்லாம் பயமாத்தான் இருக்கு. ஆனா எந்திரிச்சு எங்க போக? அந்த அடுப்புக்கா?"

முறுகலா ஒண்ணு. அந்தச் சொல் பவதாரிணியுடையதுதான், குரல்கூட அவளுடையதுதான்.

வெள்ளம் ஒரு மத்தியானத்தில் வந்தது. முதலில் மலை முகடு காணாமல் போனது, பிறகு மலையே காணாமல் போனது, பிறகு எங்கோ மேலே ஆயிரம் ஆட்டுக்கல்லை ஒரே நேரத்தில் சுற்றுவதுபோல ஒரு சத்தம் எழுந்தது. பாறைகள் புரள்கிற சத்தம். தண்ணீர் மஞ்சளாகி, சிவப்பாகி, கருப்பட்டிப் பாகாகி ஏறியது. ஊர், தட்டுமுட்டுச் சாமான்களோடும் ஆடுகளோடும் மேட்டுக்கு ஓடியது. ஓடும்போதே ஓடைப்பக்கம் திரும்பி, தாயே காப்பாத்து என்று கும்பிட்டுக்கொண்டு ஓடியது. தாய் என்று கும்பிடப்பட்டவள் கழுத்தளவுத் தண்ணீரில் தகரக் கூரை பிய்ந்துபோன கம்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

பவதாரிணி இறங்கினாள். இழுத்தாள், அசையவில்லை. "போ பவி, கல்லு வருது" என்று சுகந்தி கத்தினாள். போகத்தான் வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் மதினிக்கும் இடது கரைக்கும் நடுவிலிருந்த அந்த ஓட்டை, யார் யார் வீட்டுக்கோ கற்கள் போன அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வாய்க்காலாகப் பாய்ந்து மதினியின் விலாவை அரித்துக்கொண்டிருந்தது. முட்டுக் கொடுக்கக் கல்லில்லை. பவதாரிணி அங்கே உட்கார்ந்தாள், முழங்காலை மதினியின் முழங்காலோடு ஒட்டி. அண்ணனைப்போலத் தன்னையும் தூக்கிக்கொண்டு போகும், போகும்வரை நிற்போம் என்றுதான் நினைத்தாள். கனம் ஏறுவதற்குத் தன்னிடம் என்ன இருக்கிறது? படிக்கிற பெண், டோக்கன் கொடுத்தால் சோறு வருகிற விடுதி, திறந்த வாய். ஆனால் தண்ணீர் தூக்கவில்லை. இடுப்புக்குக் கீழே ஏதோ இறங்கி இறுகியது. பஸ்ஸில் பின்னால் நின்றவனின் கையைத் தட்டிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல இறங்கிய காலைகள், பொட்டப்பிள்ளைக்குக் கல்லும் மண்ணும் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துவைத்த சிரிப்புகள், இருட்டுமுன் வந்துவிடுகிறேன் என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருந்த வருடங்கள், ஒவ்வொன்றும் ஒரு கல்லாக அவளுக்குள் ஏற்கனவே கிடந்திருக்கிறது. தானும் பாறைதான் என்று தெரிந்த அந்த நொடியில் அவளுக்கு வெள்ளம்கூட மறந்துபோனது. எப்போது ஏற்றினார்கள்? ஒன்றுகூடத் தெரியாமல் எப்படி ஏற்றினார்கள்?

"எந்திரிங்கடி ரெண்டு பேரும்" என்று கரையில் ஒரு குரல். ஒச்சம்மாள், தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு. "ஒருத்தி உக்காந்ததுக்கே வீடு நாறிப் போச்சு. இப்ப நீயுமா? படிக்க அனுப்பினா இதைத்தான் படிச்சியா? எந்திரி. எந்திரின்னா." இரண்டு பேரும் எழவில்லை, எழ முடியவில்லை. ஒச்சம்மாள் மேலே பார்த்தாள். சத்தம் நெருங்கிவிட்டது. அப்புறம், வலது பக்கத்தில் இருந்த இன்னொரு ஓட்டையைப் பார்த்தாள், தன் துவைகல் இருந்த இடம், முப்பது வருடத்துத் துணி அடித்த கல் கிடந்த இடம். சாக்கை வீசிவிட்டு, வசவை நிறுத்தாமலே இறங்கி, வசவை நிறுத்தாமலே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தபோது தரை ஒருமுறை குலுங்கியது, தண்ணீர் நாலு விரல் ஏறியது.

"அம்மாடி" என்றாள் சுகந்தி. "என்னத்தை இவ்வளவு?"

"உன் வயசுல இருந்து எண்ணிப் பாரு" என்றாள் ஒச்சம்மாள்.

அப்போது பாறைகள் வந்தன. முதலாவது, மாட்டுவண்டி அளவு, சுகந்தியின் முதுகுக்கு நேராக உருண்டு வந்தது. வந்தது, அவளைத் தொட்டது, நின்றது. களைத்த எருமை சுவரில் சாய்வதுபோலச் சாய்ந்து நின்றது. அடுத்தது அதற்கும் பவதாரிணிக்கும் நடுவில் நுழைந்து முரண்டுபிடித்தது. அடுத்தது ஒச்சம்மாளின் வசவுக்குப் பயந்ததுபோல ஒதுங்கி, கரையில் தோள் கொடுத்தது. பெரியதன் பின்னால் சின்னது, சின்னதன் சந்தில் ஜல்லி, ஜல்லியின் சந்தில் மணல். கல் கல்லை நெருக்க, நெருக்கிய கல் கரையை நெருக்க, கரைக்குக் கரை ஒரு வரிசை இறுகியது. அந்த நீண்ட மத்தியானம் முழுக்க ஓடை தன் படியைக் கட்டியது. மூன்று பெண்களும் முதுகில் கல் கல்லாகச் சேருவதை உணர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொரு கல் சேரும்போதும் தங்கள் கனத்தில் ஒரு கல் இறங்குவதையும் உணர்ந்தார்கள். கடைசிச் சந்து அடைந்தபோது தண்ணீர் அவர்களை அலுங்காமல் தூக்கி, புதுப் படிக்கு மேல் ஒரு கணம் நிறுத்தி, கீழே குழியில் போட்டது. மூன்று பேரும் தேங்காய் மட்டைகளாக மிதந்தார்கள்.

கீழத்தெருவுக்குள் தண்ணீர் கணுக்காலளவு வந்துவிட்டுப் போனது.

மழை விட்டு, ஊர் மேட்டிலிருந்து இறங்கி வந்து, புதுப் படியைப் பார்த்து, நல்லா அடைஞ்சிருக்கு என்று சொன்னது. ஒருவரும் அதற்குமேல் வியக்கவில்லை. கரையேறி முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்த சுகந்தியிடம் ஜெயபாண்டி துண்டை நீட்டினான். அவன் கண் சிவந்திருந்தது. "வா சுகந்தி. வீட்டுக்குப் போவோம். அடுப்புப் பத்தவச்சு எத்தனை நாளாச்சு."

சுகந்தி துண்டை வாங்கித் தலையைத் துவட்டினாள். நன்றாக, நிதானமாக, முடியின் நுனிவரை துவட்டினாள். துண்டை மடித்து அவன் தோளில் போட்டாள்.

"பவி, தேனிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

"மழையில லேட்டாத்தான் வரும். இப்பக் கிளம்பினா பிடிக்கலாம் மதினி."

அப்போதுதான் படியூத்து அதிர்ந்தது. பெண்பிள்ளை ஒருத்தி பாறையாகக் கனத்தபோது டீ நீட்டிய ஊர், அவள் தோளில் ஓடையே ஏறி இறங்கியபோது தகரம் வாங்கலாமா என்று பேசிய ஊர், வாயைப் பிளந்து நின்றது. மொக்கைச்சாமி கையிலிருந்த தூக்குவாளி விழுந்து உருண்டது. தலைவர் பொன்ராமு, "பஸ்ஸா? எதுக்கு?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டார். யாரோ, இது நடக்கிற காரியமா என்றார்கள். யாரோ, கலி முத்திப்போச்சு என்றார்கள். ஒரு கிழவர் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார், அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. சுகந்தி அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஈரச்சேலையோடு நடந்து போனாள். வழிமறிக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவு அதிர்ச்சி. பவதாரிணி தன் பையிலிருந்து காய்ந்த சுடிதார் ஒன்றை உருவிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

பஸ் சுகந்தியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து மலையிறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஜெயபாண்டி திரும்பினான். அம்மா இன்னும் கரையேறவில்லை. குழியின் ஓரத்தில், புதுப் படியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீயாச்சும் வாம்மா. பசிக்குது."

ஒச்சம்மாள் காலை ஆட்டினாள். அயிரைமீன்கள் வந்து விரலைக் கொத்திப் பார்த்தன.

"தண்ணி நல்லாருக்குடா" என்றாள். "நீ போயி உலையை வை. நான் வாரேன், கொஞ்சம் பொறுத்து."